உடும்பு பேசாத பேச்சு

ஆவாரங்குளத்தின் கரையில் ஒரு மருதமரம். அதன் உச்சிக் கிளையில் ஒரு கரிச்சான் குருவி. உடம்பெல்லாம் கறுப்பு, வால் இரண்டாகப் பிரிந்தது, குரல் மட்டும் நூறு. மானைப் போலக் கத்துவான். மயிலைப் போல அகவுவான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது மான், எது கரிச்சான் என்று மானுக்கே தெரியாது.

அந்தக் காட்டுக்குச் செய்தி சொல்கிறவன் அவன்தான். விடிந்து வெயில் ஏறுவதற்குள் காடு முழுவதும் தண்ணீர் குடிக்க வந்து கூடும். கூட்டம் சேர்ந்ததும் கரிச்சான் ஆரம்பிப்பான். செய்தியை யார் சொன்னார்களோ அவர்கள் குரலிலேயே சொல்ல வேண்டும் என்பது குளத்து வழக்கம். மான் சொன்னதை மான் குரலில், பன்றி சொன்னதைப் பன்றி குரலில். சொன்னது சொன்னபடி ஊருக்குப் போய்ச் சேரட்டும், நடுவில் எவரும் திரிக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த வழக்கம் அது. அந்த நல்ல வழக்கத்தை வைத்துக்கொண்டுதான் அந்தப் படுபாவி அத்தனையும் செய்தான்.

செய்தியைத் தேடிக் கொண்டுவருகிறவள் மூக்காயி என்ற ஆள்காட்டிக் குருவி. நீண்ட மஞ்சள் கால், சிவந்த மூக்கு. ஆள்காட்டிக்கு மரத்தில் உட்கார வராது, கால் அப்படி. தரையில் நடப்பாள், தரையில் முட்டையிடுவாள், தரையில் நின்று கத்துவாள். பகலெல்லாம் காட்டைச் சுற்றிவிட்டு, சாயங்காலம் மருதமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக் கரிச்சானிடம் ஒப்பிப்பாள். மறுநாள் காலையில் அது ஊர்ச் செய்தியாகிவிடும். பார்த்தது மூக்காயி, பேர் கரிச்சானுக்கு. அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டதில்லை.

கரிச்சானை எல்லோரும் "ஆசிரியர்" என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் செய்தி, மத்தியானம் பள்ளிக்கூடம். மரத்தடியில் இளம் பறவைகளை வரிசையாக உட்கார வைத்து, செய்தி சொல்வது எப்படி என்று பாடம் நடத்துவான்.

"எதையும் இறங்கிப் பார்! ரெண்டு பேரைக் கேள்! யார் மேல குத்தமோ, அவரை முதல்ல கேள்! அப்புறம் வாயைத் திற!"

குஞ்சுகள் ஒரே குரலில் திருப்பிச் சொல்லும். அவன் ஏற்ற இறக்கத்தோடு நடத்துகிற அழகைக் கேள்விப்பட்டு, பக்கத்துக் காட்டிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அவனுக்கு வயிறு என்று ஒன்று இருந்ததை யாரும் யோசிக்கவில்லை. கரிச்சானுக்குச் சாப்பாடு பூச்சி. புல்லுக்குள் பதுங்கியிருக்கிற பூச்சியை அவனால் எடுக்க முடியாது. யாராவது மிதித்துக் கிளப்பினால்தான் பறந்து பிடிக்கலாம். ஊர் அமைதியாகத் தண்ணீர் குடித்துவிட்டுக் கலைந்தால் அவனுக்கு நாலைந்து பூச்சி கிடைக்கும். ஊர் கோபப்பட்டுக் காலை உதைத்தால் வயிறு முட்டக் கிடைக்கும். செய்தியை அவன் எப்படிச் சொன்னான் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அந்த வருஷம் அக்கினி நட்சத்திரம் காட்டைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. மற்ற குட்டைகளெல்லாம் வெடித்துப் போயின. இருந்த தண்ணீர் ஆவாரங்குளத்தில் மட்டும்தான். குளத்துக்கு ஒரு சட்டமும் உண்டு. கரைக்கு வெளியே யார் யாரைத் தின்றாலும் அது அவரவர் பிழைப்பு. கரைக்குள் கூடு வைத்தவரை யாரும் தொடக் கூடாது. தொட்டால், தொட்டவருக்குக் குளத்தில் தண்ணீர் கிடையாது.

கரையில் ஓர் ஆவாரஞ்செடியின் அடியில் கௌதாரி ஒருத்தி பதினோரு முட்டைகளோடு அடைகிடந்தாள். காடே அந்தச் செடியைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தது. பன்றிகூட அந்த இடம் வந்தால் ஒதுங்கிப் போகும்.

ஒரு சாயங்காலம் மூக்காயி அந்தப் பக்கமாகப் பறந்து வந்தாள். மேலேயிருந்து பார்த்தால் கௌதாரியைக் காணோம். குழியில் ஓடுகள் உடைந்து கிடந்தன. பக்கத்து மணலில் உடும்பின் தடம், வாலை இழுத்துக்கொண்டு போன கோடு.

மூக்காயி இறங்கவில்லை. அதுதான் அவள் செய்த தப்பு. அதற்கு ஒரு காரணம் இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். முந்தின வருஷம் கரைக்கு வெளியே பொட்டலில் அவள் இட்ட நாலு முட்டைகளை அந்த உடும்புதான் தின்றாள். கரைக்கு வெளியே என்பதால் சட்டம் ஒன்றும் செய்யவில்லை. காலைச் செய்தியில்கூட அது வரவில்லை. மூக்காயி ஒரு வாரம் அந்த வெறுங்குழியைச் சுற்றிச் சுற்றிக் கத்திவிட்டு ஓய்ந்தாள். அப்படிப்பட்டவள் உடும்பின் தடத்தைப் பார்த்ததும், இறங்கிப் பார்க்க இன்னும் என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டாள்.

நேராக மருதமரத்தடிக்குப் போனாள். ஓடு உடைந்து கிடக்கிறது, உடும்புத் தடம் பக்கத்தில் இருக்கிறது, கௌதாரியைக் காணவில்லை, தேட வேண்டும், உடும்பையும் கேட்க வேண்டும், நாளை மறுநாள் சொல்லலாம் என்றாள்.

"நாளை மறுநாளா? அதுக்குள்ள அது பழசாயிடும்மா," என்றான் கரிச்சான். "கேட்டா என்ன சொல்லப் போறா? நான் இல்லைம்பா. எந்தத் திருடன் ஒத்துக்கிட்டான்?"

கேட்காமல் சொல்லாதீர்கள் என்று மூக்காயி அப்போதே கத்தியிருக்கலாம். ஊர் முழுவதும் கேட்கும் தொண்டை அவளுக்கு உண்டு. ஆனால் வாய் திறக்கவில்லை. உடும்பு மாட்டிக்கொண்டாள் என்பது அவள் மனசின் ஒரு மூலையில் இனித்தது.

மறுநாள் காலை கூட்டம் சேர்ந்தது. கரிச்சான் தொண்டையைச் செருமினான். முதலில் கௌதாரியின் குரல் வந்தது.

"ஐயோ, என் பதினோரு பிள்ளையும் போச்சே! கண்ணு முன்னாடி போச்சே!"

கூட்டம் உறைந்து நின்றது. மான்களின் கண்ணில் நீர் கட்டியது. பிறகு இன்னொரு குரல் வந்தது. கரகரவென்று, எச்சில் ஒழுகுகிற மாதிரி, திமிராக ஒரு குரல்.

"ஆமா, நான்தான் தின்னேன். நல்ல ருசி. இப்ப என்ன செய்வீங்க?"

உடும்பு பேசி அந்தக் காட்டில் யாரும் கேட்டதில்லை. அவள் புற்றுக்குள் தனியாகக் கிடப்பவள். வருவாள், குடிப்பாள், போவாள். அவள் குரல் தெரியாததால் அதுதான் அவள் குரல் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவளே வாயால் ஒத்துக்கொண்டாள், அதுவும் சிரித்துக்கொண்டு ஒத்துக்கொண்டாள், இதற்கு மேல் என்ன விசாரணை என்று கொதித்தார்கள். பன்றிகள் மண்ணைக் கிளறின. மான்கள் குளம்பால் தரையைத் தட்டின. காட்டெருமை புல்லை மிதித்துத் துவைத்தது. பூச்சிகள் படைபடையாகக் கிளம்பின. கரிச்சான் கிளைக்கும் புல்லுக்குமாகப் பறந்து பறந்து தின்றான்.

அந்த இரண்டு பேச்சையும் மூக்காயி கொண்டுவரவில்லை. அப்படியானால் அவை எங்கிருந்து வந்தன?

அந்த நேரம் பார்த்து உடும்பு தண்ணீருக்கு வந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. வழக்கம் போலத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு வந்தாள். பன்றிகளின் தலைவன் கொம்பன் ஒரே பாய்ச்சலில் அவள் வாலைக் கிழித்துவிட்டான். மற்றவர்கள் மிதிக்க வந்தார்கள். அவள் புழுதியில் உருண்டு, ரத்தக்கோடு விழ விழப் புற்றுக்கு ஓடினாள். உடும்புக்கு இனித் தண்ணீர் இல்லை என்று ஊர் கூடித் தீர்ப்புச் சொன்னது. ஒருவர்கூட அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எரிகிறது வயிறு, இதைச் சொல்லும்போதே.

மத்தியானம் மூக்காயி மருதமரத்தடிக்குப் போனாள். அங்கே பாடம் நடந்துகொண்டிருந்தது. "யார் மேல குத்தமோ, அவரை முதல்ல கேள்!" என்று கரிச்சான் சொல்ல, குஞ்சுகள் ஒப்பித்துக்கொண்டிருந்தன.

"ஆசிரியரே," என்றாள் மூக்காயி. "உடும்பு எப்ப உங்ககிட்ட அப்படிச் சொன்னா?"

"சொல்லலை," என்றான் கரிச்சான், கொஞ்சமும் கூசாமல். "கேட்டிருந்தா மனசுக்குள்ள அதைத்தான் நெனச்சிருப்பா. மனசுல இருந்ததை நான் வாயில வச்சேன். வெறுமனே ஓடு கெடக்கு, தடம் கெடக்குன்னு சொன்னா எவன் நின்னு கேப்பான்?"

"இப்பத்தானே இந்தப் பிள்ளைங்களுக்கு வேற சொல்லிக் குடுத்தீங்க?"

"பாடம் வேற, தொழில் வேற."

குஞ்சுகள் அதையும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னன. "பாடம் வேற, தொழில் வேற!"

மூக்காயிக்குக் கால் முதல் தலை வரை பற்றி எரிந்தது. மேலே ஏறிக் கொத்தத்தான் தோன்றியது, ஆனால் கிளையில் நிற்க அவளுக்குக் கால் இல்லையே. அங்கிருந்து பறந்து ஆவாரஞ்செடிக்குப் போனாள். இந்தத் தடவை இறங்கினாள்.

கிட்டத்தில் நின்று ஓடுகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றின் தலைப்பக்கமும் மூடி திறந்த மாதிரி வட்டமாக வெட்டுப்பட்டிருந்தது. உள்ளே சவ்வு காய்ந்து சுத்தமாக இருந்தது. ஒரு சொட்டு மஞ்சள்கரு இல்லை, ஓர் எறும்பு இல்லை. வெளியே இருந்து யாரும் உடைத்த ஓடு இல்லை இது. உள்ளேயிருந்து குஞ்சு கொத்தித் திறந்துகொண்டு வந்த ஓடு. ஆள்காட்டிக் குஞ்சும் கௌதாரிக் குஞ்சும் பொரித்த அன்றைக்கே எழுந்து தாயோடு நடந்துவிடும். கூட்டில் உட்கார்ந்து இரைக்கு வாய் பிளக்கிற ஜாதி இல்லை. மானுக்கோ பன்றிக்கோ ஓட்டைப் பார்த்து அடையாளம் தெரியாமல் போகலாம். மூக்காயிக்குத் தெரியாதா? நாலு ஈடு முட்டை அடைகாத்துப் பொரித்தவள்! இறங்கி ஒரு தரம் குனிந்து பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

கரிச்சான் மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே அவள் மேலேயே திரும்பியது.

குளத்துக்குப் போய் நெஞ்சு இறகை நன்றாக நனைத்துக்கொண்டாள். வெயில் காலத்தில் முட்டையைக் குளிர வைக்க ஆள்காட்டிகள் அப்படித்தான் தண்ணீர் கொண்டுபோவார்கள். தன் முட்டையைத் தின்றவளுக்காக அன்றைக்குக் கொண்டுபோனாள்.

உடும்பு புற்றின் வாயில் தலையை வைத்துக் கிடந்தாள். வாலில் ஈ மொய்த்தது. தோல் சுருங்கியிருந்தது.

"எதுக்கு வந்தே?" என்றாள். மெல்லிய குரல், சருகு உரசுகிற மாதிரி.

"கேக்கறதுக்கு."

"கேக்கறதுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

காலையில் மரத்திலிருந்து வந்த செய்தியையும், குழியில் கிடந்த ஓடுகளையும் பற்றி மூக்காயி சொன்னாள். உடும்பு முழுவதையும் கேட்டுவிட்டுப் பேசினாள். "முட்டை தின்னவே மாட்டேன்னு நான் சொல்லலை. தின்பேன். போன வருஷம் உன்னோட நாலையும் தின்னது நான்தான். அன்னைக்கு உன் குழியில ஒரு துண்டு ஓடு கெடந்துச்சா?"

மூக்காயி யோசித்தாள். வெறுங்குழி. ஒரு வாரம் சுற்றி வந்தாளே, ஒரு சில்லு ஓடுகூட அவள் கண்ணில் படவில்லை.

"இல்லை," என்றாள்.

"நான் ஓட்டோட முழுங்குறவ. உடைச்சு, உள்ளதைத் தின்னுட்டு, ஓட்டை ஓரமா வச்சுட்டு வர்ற நாகரிகம் எங்க குலத்துல இல்லை. ஓடு கெடந்துச்சுன்னாலே நான் தொடலைன்னு அர்த்தம். என்னைக் கேட்டிருந்தா ஒத்தை வார்த்தையில முடிஞ்சிருக்கும்."

"அப்ப அங்க உன் தடம்?"

"தண்ணிக்கு நான் தெனமும் வர்ற வழி அது."

பிறகு உடும்பு கேட்டாள். "என் குரல்னு சொன்னானாமே. எப்படி இருந்துச்சு?"

மூக்காயி நனைந்த நெஞ்சை உடும்பின் வாயருகே கொண்டுபோனாள். உடும்பு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ பிச்சையாக் குடுக்குற தண்ணி வேணாம். என் தண்ணி குளத்துல இருக்கு. அதைப் பறிச்சவங்க கிட்டருந்து வாங்கிக் குடு."

மூக்காயி இறகை உதறினாள். மண்ணில் விழுந்த சொட்டுகளை, வேண்டாம் என்று சொன்னவளின் நாக்கு தானாக நீண்டு நக்கியது. இன்னும் இரண்டு நாள் தாங்குவது கஷ்டம் என்று மூக்காயிக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் காலையிலேயே கரிச்சானிடம் போய், நடந்ததைச் சொல்லி, செய்தியைத் திருத்தும்படி கேட்டாள். திருத்திவிட்டால் போயிற்று என்று அவன் உடனே ஒத்துக்கொண்டான். திருத்தவும் செய்தான். எப்போது? உச்சி வெயிலில், கரையில் ஒரு ஈ காக்காய் இல்லாத நேரத்தில். எப்படி? கீழ்க்கிளையில் உட்கார்ந்து, முனகுகிற குரலில், "கௌதாரி முட்டை விஷயம் இன்னும் விசாரணையில் உள்ளது" என்று ஒரே ஒரு தரம். சேற்றில் தூங்கிக்கொண்டிருந்த ஆமை ஒன்று மட்டும் ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொண்டது. பொய்யை உச்சிக் கிளையிலிருந்து கூவினான், உண்மையை ஆமைக்குச் சொன்னான். இவன்தான் ஆசிரியர்!

மூக்காயி கௌதாரியைத் தேடிப் புறப்பட்டாள். மூன்று கல் தூரம் தாண்டி, கருவேலம் புதருக்குள் கண்டுபிடித்தாள். தாயின் இறக்கைக்கு அடியில் பதினோரு குஞ்சுகளும் முண்டிக்கொண்டிருந்தன.

"மதினி, உன் பிள்ளைங்க நல்லா இருக்குறதை வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அங்க ஒருத்தி தண்ணியில்லாமச் சாகுறா."

கௌதாரி இறக்கையைத் தாழ்த்திக் குஞ்சுகளை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள். "பிள்ளைங்களோட இந்தப் பக்கம் வந்துக்கிட்டிருந்தேன் தாயி. பின்னாடி மரத்துலருந்து என் குரல் அழுதுச்சு. நான் அழுததை நானே கேட்டேன். அங்க போய் நின்னா, அப்ப அழுதது யாருன்னு கேப்பாங்களே. என்னைத்தானே பொய்க்காரின்னு சொல்வாங்க?" கொஞ்சம் தயங்கி, மற்றதையும் சொல்லிவிட்டாள். "உடும்பு இல்லாத கரை எனக்கும் நல்லதுதானே."

மூக்காயிக்குக் கோபம் வந்தது. ஆனால் இதே நினைப்பு தன் மனசிலும் ஒரு நாள் இனித்ததுதானே என்று அடக்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு உன் குரல்ல அழுதான். நாளைக்கு உன் குரல்ல இன்னொருத்தரைக் காட்டிக் குடுப்பான். அதுக்கப்புறம் நீ உன் வாயால என்ன சொன்னாலும் எவன் நம்புவான்?"

கௌதாரி குஞ்சுகளைப் பார்த்தாள். வெயில் தாழ்ந்ததும் நடக்க ஆரம்பிக்கிறோம், காலையில் கரைக்கு வந்துவிடுகிறோம் என்றாள்.

மறுநாள் காலை கூட்டம் கூடியது. மூக்காயி கூட்டத்துக்கு நடுவே தரையில் நின்றாள். மேலே கரிச்சான் அன்றைய செய்தியை ஆரம்பித்துவிட்டான். எல்லோரும் அண்ணாந்து கேட்டார்கள். காலடியில் நிற்கிற ஒரு ஆள்காட்டியை யார் பார்ப்பார்கள்?

ஒரு வழி இருந்தது. "ஆள் வருது, ஆள் வருது!" என்று ஒரு கத்துக் கத்தினால் போதும். ஆள்காட்டி அப்படிக் கத்தினால் காடு முழுவதும் மூச்சை அடக்கும். அந்த மௌனத்தில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். கத்துவதற்கு வாயையும் திறந்துவிட்டாள். பிறகு மூடிக்கொண்டாள். உண்மையைச் சொல்வதற்குப் பொய்யாக ஒரு கத்தா? அப்புறம் எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது.

நேராகக் கொம்பன் பன்றியின் முகத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"உடும்பு ஒத்துக்கிட்டதை நீங்க பாத்தீங்களா, அண்ணே?"

"என் காதால கேட்டேன்."

"கேட்டீங்க. அவ வாய் அசைஞ்சதைப் பாத்தீங்களா? அப்ப அவ எங்க நின்னுக்கிட்டிருந்தா?"

கொம்பன் யோசித்தான். அவனுக்கு நினைவில் வந்தது மருதமரத்தின் கிளை மட்டும்தான். மூக்காயி மானிடம் போய்க் கேட்டாள். மயிலிடம் கேட்டாள். காட்டெருமையிடம் கேட்டாள். கேட்டவர்கள் எல்லோரும் இருந்தார்கள், பார்த்தவர் ஒருவர் இல்லை. கூட்டம் மெல்ல மெல்ல மரத்தை விட்டுத் தரையைப் பார்க்க ஆரம்பித்தது.

அப்போது மூக்காயி தன் முழுத் தொண்டையில் பேசினாள். "அந்தச் சேதியைக் கொண்டுவந்தது நான்தான். மேலேயிருந்து பாத்தேன், எறங்கிப் பாக்கலை. உடும்பு மேல எனக்குப் பழைய பகை, அதனால எறங்கலை. உடும்பை யாருமே கேக்கலை. அவ எதுவுமே சொல்லலை. இப்பவாவது அவளைப் பேச விடுங்க."

மூக்காயி வரச் சொன்னதால் விடியுமுன்னே ஊர்ந்து வந்து, கரை எல்லையில் அதுவரை ஒதுங்கிக் கிடந்த உடும்பு தலையைத் தூக்கினாள். நடக்கவே தெம்பில்லை.

"நான் தொடலை," என்றாள், தன் சருகுக் குரலில்.

நடந்ததைக் கேளுங்கள். கூட்டம் அவளைப் பார்த்துக் கத்தியது: "இது உடும்போட குரலே இல்லை! உடும்பு குரல் எங்களுக்குத் தெரியாதா?"

பொய்க் குரலைக் கேட்டுப் பழகிய காதுக்கு, உண்மையான குரல் பொய்யாகத் தெரிந்தது. உடும்பு அப்படியே தலையைத் தரையில் போட்டுக்கொண்டாள். மேலே கரிச்சான் வாலை ஆட்டினான்.

அந்த நேரத்தில் ஆவாரஞ்செடிக்குப் பின்னாலிருந்து கௌதாரி வந்தாள். பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினோரு குஞ்சுகள் வரிசையாக வந்தன. ராத்திரியெல்லாம் நடந்த களைப்பில் கடைசிக் குஞ்சு இரண்டு தரம் விழுந்து எழுந்தது.

"இதெல்லாம் என் பிள்ளைங்க," என்றாள் கௌதாரி. "நான் அழவே இல்லை."

கொம்பன் தன் கொம்பில் காய்ந்திருந்த ரத்தத்தை மண்ணில் துடைத்தான். வெட்கம் அவர்களுக்கு ரொம்ப நேரம் தாங்கவில்லை. தாங்காத வெட்கம் உடனே கோபமாக மாறியது.

"நம்மளை ஏமாத்திட்டான்! அவனை விடாதீங்க!" என்று கொம்பன் பாய்ந்தான். எல்லோரும் மரத்தை நோக்கி ஓடினார்கள். குளம்புகள் தட்டின, மண் பறந்தது, அடிமரம் குலுங்கியது. அன்றைக்கு உடும்பை மிதிக்க ஓடிய அதே கால்கள்தான்.

மூக்காயி மேலே பார்த்தாள். கரிச்சான் பயந்து ஓடவில்லை. புல்லிலிருந்து பூச்சிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. அவன் பறந்து பறந்து தின்றுகொண்டிருந்தான். தன்னைத் திட்டுகிற கூட்டத்தின் கோபத்தையும் தின்றான். கூட்டத்துக்கு யார் மேல் கோபம் என்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

"நில்லுங்க!" என்று மூக்காயி அலறினாள். "யாரும் காலை அசைக்காதீங்க! உங்க கோபம்தான் அவனுக்குச் சோறு!"

கொம்பன் முதலில் நின்றான். மான்கள் நின்றன. காட்டெருமை தூக்கிய காலை மெதுவாகக் கீழே வைத்தது. புழுதி அடங்கியது. கிளம்பிய பூச்சிகள் திரும்பப் புல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டன. கரிச்சான் இரண்டு தரம் சும்மா பறந்து பார்த்துவிட்டு, வெறும் வாயோடு கிளையில் வந்து உட்கார்ந்தான்.

"எந்தக் கிளையிலருந்து சொன்னீங்களோ, அதே கிளையிலருந்து சொல்லுங்க," என்றாள் மூக்காயி. "எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

கரிச்சான் மான் குரலில் ஆரம்பித்தான்.

"மான் குரல் வேணாம். உங்க குரல்ல."

மயில் குரலில் முயன்றான். யாரும் அசையவில்லை. வெயில் ஏறியது. பசி ஏறியது. அத்தனை பேரும் கல்லாக நின்றார்கள். கடைசியில் அவன் வாயைத் திறந்தான். கீச்சென்று ஒரு குரல், ஓட்டைச் சட்டியைச் சுரண்டுகிற மாதிரி வந்தது. அதுதான் கரிச்சானின் சொந்தக் குரல். அந்தக் காட்டில் அன்றுவரை அதை யாரும் கேட்டதில்லை.

"உடும்பு எதுவும் சொல்லலை. நான் அவளைக் கேக்கலை. அவ சொன்னதா நானே சொன்னேன்."

உடும்பு எழுந்தாள். கிழிந்த வாலை இழுத்துக்கொண்டு, கல்லாக நின்ற கூட்டத்துக்கு நடுவே நடந்து, குளத்தில் வாயை வைத்தாள். வெகு நேரம் குடித்தாள். அந்தச் சத்தம் மட்டும்தான் கரை முழுவதும் கேட்டது. யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

திரும்பி வரும்போது ஒரு மான்குட்டி அவளைப் பார்த்துப் பயந்து இரண்டடி பின்னால் நகர்ந்தது. அதன் தாய் அதைத் தடுக்கவில்லை. உடும்பும் பார்த்தாள், மூக்காயியும் பார்த்தாள். எந்தக் கிளையிலிருந்து எத்தனை தரம் திருத்திச் சொன்னாலும் அந்த இரண்டடியைத் திரும்ப வாங்க முடியாது என்று மூக்காயிக்குப் புரிந்தது. அன்று சாயங்காலம் அவள் ஆவாரஞ்செடியடியில் கிடந்த பதினோரு ஓடுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து மருதமரத்தடியில், பள்ளிக்கூடக் குஞ்சுகள் உட்காருகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் எதையும் மேலேயிருந்து பார்த்துவிட்டுச் செய்தி சொன்னதில்லை.

ஒருவரை நேரில் கேட்காமல் அவரைப் பற்றி ஊருக்குச் சொல்லும் செய்தியில், அதை ஜோடித்துச் சொன்னவருக்கும், இறங்கிப் பார்க்காமல் கொண்டுவந்து கொடுத்தவருக்கும், கேட்ட மாத்திரத்தில் காலைத் தூக்கியவருக்கும் பாவத்தில் சம பங்கு உண்டு.